மேலே நின்ற கை

அவர் கையைத் தூக்கினால் எங்கள் ஹாலில் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்கும். சும்மா சொல்லவில்லை. ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு, அந்தக் கைக்கு முன்னால் நின்றவன் நான். வலது கை, முழங்கை லேசாக மடங்கியிருக்கும், விரல் நடுவில் வெள்ளைக் குச்சி. கை மேலே போகும்போது பதினெட்டுப் பேரும் மூச்சை இழுக்க வேண்டும். கை இறங்கும்போது எல்லா வாத்தியமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். உலகத்தில் எல்லா ஆர்க்கெஸ்ட்ராவிலும் அதுதான் முறையாம். எங்கள் மேடத்தின் கை மேலே போகும், அங்கேயே நின்றுவிடும். இழுத்த மூச்சை விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் நாங்கள் முழித்துக்கொண்டிருப்போம்.

"யாரோ தயாரா இல்ல," என்பார். கையைப் பக்கவாட்டில் மெள்ள இறக்கி, குச்சியை ஸ்டாண்டில் வைப்பார். "முதல்லேருந்து."

இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, இதில் முதலிலிருந்து என்ன வேண்டிக்கெடக்கு என்று எனக்குள் எரியும். வாயைத் திறக்க மாட்டேன். அவர் முன்னால் யாருமே வாயைத் திறந்ததில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளங்கிக்காரன். பூண்டு, கேரட், பீன்ஸ் என்று மலையில் விளைகிறதை என் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கீழே வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவது என் சோலி. எனக்கும் சங்கீதத்துக்கும் இருந்த உறவெல்லாம் வண்டியில் இருக்கிற ஸ்பீக்கரோடு சரி. செண்பகனூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது அதன் ஸ்டோர் ரூமில் ஆளுயர வாத்தியம் ஒன்று அகப்பட்டது. டபுள் பாஸ் என்று பெயர். வயலின் மாதிரியேதான் இருக்கும், ஆனால் தோளில் வைக்க முடியாது, பக்கத்தில் நிறுத்தி அணைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அதை ஹாலுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்று மேடம் என்னைக் கூப்பிட்டார். அதுதான் நான் அவரை முதலில் பார்த்தது. ஒல்லியான அம்மா, நரைத்த கிராப், விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை.

ஏற்றிக் கட்டிவிட்டு, கை சும்மா இருக்காமல், நாலு தந்தியில் தடித்ததை விரலால் ஒரு இழுப்பு இழுத்தேன். வண்டித் தகரமே அதிர்ந்தது. மேடம் முன்சீட்டில் ஏறப் போனவர் நின்றார்.

"திரும்பப் பண்ணுங்க."

"சும்மாதான் மேடம், தெரியாம..."

"திரும்பப் பண்ணுங்க தம்பி. அதே மாதிரி."

பண்ணினேன். இன்னொரு தடவை என்றார். அதையும் பண்ணினேன். அந்த ரோட்டோரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை அந்த ஒரே தந்தியை இழுத்திருப்பேன். கடைசியில், "ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல மேடம்," என்றேன். அப்படிச் சொன்ன வாயை நான் திட்டாத நாள் இல்லை.

அவர் எந்த ஊர் என்று எனக்கு ஒழுங்காகத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வயலின் வாசித்தவர், பிறகு கண்டக்டர் ஆகி எழுபது எண்பது பேரை ஒரே கையில் நடத்தியவர் என்று ஹாலில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கண்டக்டர் என்றதும் உங்களுக்கு ஒரு சிரிப்பு வருமே, அதை என் மச்சினன்மார் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள், நான் வேறு புதிதாகச் சொல்ல வேண்டாம். அப்பேர்ப்பட்டவர் இந்த மலையில் பூண்டு வியாபாரியையும், நர்ஸையும், ரிட்டையரான தபால்காரரையும், ஹோட்டலில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவரையும் பிடித்துவைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரர். எனக்கு நோட்டு படிக்க வராது. சந்தையில் நாங்கள் மூட்டையில் போடுகிற அடையாளங்கள் மாதிரியே எனக்கென்று ஒரு காகிதம் எழுதிக்கொடுத்தார். ஒரு கோடு என்றால் ஒரு இழுப்பு, வட்டம் என்றால் சும்மா நிற்கணும். மூன்று மாதத்தில் எனக்கே வெட்கமாக இருக்கிற அளவுக்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் ஒரு சட்டத்தை மட்டும் அவர் வாரா வாரம் சொல்லுவார்.

"காகிதத்த அப்புறம் பாக்கலாம். கையைப் பாருங்க. என் கை இறங்காம ஒருத்தர்கூட ஆரம்பிக்கக் கூடாது."

ஒரு பாட்டு இருந்தது. பாட்டு என்றால் வாய்ப்பாட்டு இல்லை, வாத்தியத்துக்கு எழுதினது, இருபது நிமிஷம் வரும். அதன் ஆரம்பம் என்னுடையது. முதல் நாலு அடி டபுள் பாஸ் தனியாக, விரலால். டும், டும், டும், டும். அப்புறம் செல்லோ, என் வாத்தியத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும், அது சேரும், அதற்கப்புறம் வயலின்கள். அந்த நாலு அடிக்காக அவர் என் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்குவார். ஆறு வருஷத்தில் அந்த நாலு அடியை நான் எத்தனை ஆயிரம் தடவை வாசித்திருப்பேனோ. வாசிக்காமல் நின்ற தடவைகள் அதைவிட அதிகம்.

வீட்டில் என் பொண்டாட்டி அந்த வாத்தியத்தைப் பொணப்பெட்டி என்றுதான் சொல்லுவாள். ஹாலில் கூரை ஒழுகிய ஒரு மழைக்காலம் முழுக்க அது எங்கள் வீட்டில்தான் கிடந்தது. மலையில் மரச்சாமானை அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் துணி அலமாரிக்குள்ளே ஒரு குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேடமும் ஹாலில் வாத்திய அலமாரிக்குள் அப்படி ஒரு பல்பு போட்டிருந்தார். எங்கள் வீட்டில் அதற்கு அலமாரி ஏது? மூலையில் நிறுத்திப் பக்கத்தில் பல்பைத் தொங்கவிட்டேன்.

"எங்களுக்குப் போடாத வெளக்க அதுக்குப் போட்டாச்சு," என்றாள். "இது என்னிக்குத்தாங்க சபையில ஏறும்? வருசக்கணக்கா ஞாயித்துக்கெழமை ஒங்களக் காணல. எங்கக்கா மகன் காதுகுத்துக்கு வரல. பழனிக்குப் போகணும்னா அங்க சோலி கெடக்குங்கிறீங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங்காதுல விழட்டும். அப்புறம் நாங் கேக்கவே மாட்டேன்."

அவள் கேட்டதில் தப்பு இல்லை. எனக்கும் அதே ஆசைதான். மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மூன்று தடவை அதற்கு நாள் குறித்தோம். முதல் தடவை கிறிஸ்துமஸுக்கு. ரெண்டாவது வயலின்காரர்கள் ஒரு இடத்தில் முந்துகிறார்கள் என்று மேடம் நிறுத்திவிட்டார். அடுத்தது கோடை சீசனில். ஈரத்தில் தந்தி நிற்கவில்லை என்று நிறுத்தினார். மூன்றாவது தடவை நோட்டீஸே அடித்து ஏழு ரோடு சந்திப்பில் ஒட்டியாகிவிட்டது. முந்தின நாள் ஒத்திகையில் கையைத் தூக்கினார். நின்றது. இறக்கினார். "இன்னும் தயாராகல," என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தபால்காரர் போய் ஒவ்வொரு நோட்டீஸாகக் கிழித்துக்கொண்டு வந்தார்.

எல்லாருக்கும் கோபம். ஆனால் அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்குப் பதினெட்டுப் பேரும் ஆஜர். ஏன் போனோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இழுத்த மூச்சு உள்ளே நிற்கும்போது மனுஷன் எங்கே எழுந்து போவான்?

அந்தக் கை ஹாலில் மட்டும் இல்லை என்பது போகப் போகத்தான் எனக்குத் தெரிந்தது. ஒத்திகை முடிந்தால் அவரை வீட்டில் விடுவது நான்தான். வழியில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு, அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லுவார். போனை எடுத்து ஏதோ டைப் அடிப்பார். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டேன், தப்புதான். எங்கேயோ ஒரு ஊரிலிருந்து, வந்து கச்சேரி நடத்திக்கொடுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். வருகிறேன் என்று இவர் எழுதிவிட்டார். அனுப்ப வேண்டிய பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது. கீழேயிருந்து மூட்டம் ஏறி வந்து ரோட்டை மறைத்தது, சிக்னல் போய்விட்டது. போனைப் பைக்குள் போட்டார்.

"போலாம்," என்றார்.

இப்படி எத்தனை தடவை நிறுத்தியிருப்போம். சில நாள் நானே இறங்கி, டயரைப் பார்க்கிற மாதிரி பின்னால் போய் நின்றுகொள்வேன். நான் பக்கத்தில் இல்லையென்றால் அந்த விரல் இறங்குமோ என்று ஒரு நப்பாசை.

ஆனால் அவர் தனியாக வயலின் வாசிக்கிறதைக் கேட்க வேண்டுமே. செண்பகனூரில் அவர் வீட்டு வாசலில் ஒருநாள் வெள்ளனே போய்க் காத்திருந்தபோது கேட்டேன். ஹாலில் ஒரு வரியை முழுசாக வாசிக்க விடாதவர், உள்ளே நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். நடுவில் எங்கேயோ பிசகியது, எனக்கே தெரிந்தது. அவர் நிற்கவில்லை, பிசகையும் இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். லோடு காத்துக்கிடந்தது. நான் நகரவில்லை. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"இப்பத்தான் மேடம்," என்று பொய் சொன்னேன். "நல்லாருந்துச்சு மேடம். இத ஹால்ல வாசிக்கலாமே."

"இதுக்கு யாரும் என்னை நம்பி நிக்கல தம்பி," என்றார். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை.

விளங்கினது ஒரு மழைநாள் சாயங்காலம், பெருமாள்மலைக்குப் பக்கத்தில். மூட்டம் இறங்கி முன்னால் நிற்கிற வண்டியே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன். "மேடம், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கை ஏன் மேடம் எறங்க மாட்டேங்குது?"

இறங்கி நடந்தே போய்விடுவார் என்று நினைத்தேன். அந்த மூட்டத்தில் எங்கே போவார்? கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பெரிய ஊராம், பெரிய மண்டபமாம். இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு பாட்டு. ஒன்று வேகம், ஒன்று மெதுவு. எதை முதலில் வாசிப்பது என்று அன்றைக்கு மதியம்தான் மாற்றியிருக்கிறார்கள். வாசிக்கிறவர்கள் முன்னால் காகிதம் மாற்றி வைத்தாகிவிட்டது. இவருக்கும் சொன்னார்கள், இவரும் சரி என்று தலையாட்டியிருக்கிறார். இவர் காகிதம் இல்லாமல் மனப்பாடமாக நடத்துகிறவர். மேடையில் ஏறி நின்றதும் மனசுக்குள் பழைய வரிசையே ஓடியிருக்கிறது. வேகமான பாட்டுக்குக் கையைத் தூக்கி இறக்கிவிட்டார்.

"பாதிப் பேர் காகிதத்தைப் பாத்து மெதுவா ஆரம்பிச்சாங்க. பாதிப் பேர் என் கையை நம்பி, காகிதத்துல இல்லாத வேகத்துல வந்துட்டாங்க. நல்ல வாத்தியக்காரங்க தம்பி அவங்க. கையை நம்பினவங்கதான் அன்னைக்குத் தப்பா நின்னாங்க."

"ஜனங்க சிரிச்சாங்களா மேடம்?"

"சிரிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். ரொம்ப மரியாதையா உக்காந்திருந்தாங்க."

நான் ஒருதடவை ஒருத்தர் கேரட்டை இன்னொருத்தர் கடையில் மொத்தமாக இறக்கிவிட்டு வந்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். "மறுநாளே வண்டி எடுத்துட்டேன் மேடம். எடுக்காம என்ன செய்ய?"

"உங்களுக்குப் பின்னால எழுபது பேர் வரலையே."

"ஏன் வரல? காட் ரோட்டுல ஆரன் அடிச்சுக்கிட்டு எழுபது பேரும் எம்பின்னாலதான வாராங்க."

அவர் சிரித்தார். வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். மூட்டம் விலகியது, கொண்டுபோய் விட்டேன். அடுத்த ஞாயிறு கை பழையபடி மேலேயே நின்றது.

ஹாலுக்கு உரியவர்கள் ஜூன் மாதத்திலிருந்து அதை வேறு சோலிக்கு எடுத்துக்கொள்ளப்போவதாகக் காகிதம் கொடுத்தார்கள். மலையில் பதினெட்டுப் பேரும் அந்த வாத்தியங்களும் கொள்ளுகிற மாதிரி, ஈரம் இறங்காத வேறு இடம் கிடையாது. மே மாதக் கடைசி ஞாயிறோடு எங்கள் கதை முடிந்தது. தபால்காரர்தான் எழுந்து நின்று சொன்னார்: "அன்னைக்கு வாசிச்சிருவோம் மேடம். தயாரோ தயாரில்லையோ. இதுக்கு மேல எங்களால முடியாது."

மேடம் எங்கள் எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தப்பிக்க ஒரு முகமாவது கிடைக்குமா என்று தேடுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் நான் கண்ணை எடுக்கவில்லை. "சரி," என்றார். வண்டியில் வரும்போது, "உங்க வீட்ல வருவாங்களா?" என்று கேட்டார்.

"வராம இருப்பாளா மேடம்? ஆறு வருசமாக் காத்துக்கெடக்கா."

"ம்," என்றார்.

கடைசி ஞாயிறு நாலு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. பள்ளங்கியிலிருந்தே ஒரு வேன் ஆள் வந்திருந்தார்கள். என் பொண்டாட்டி மூன்றாவது வரிசையில், கல்யாணப் பட்டுக்கு மேலே ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் கறுப்புச் சேலையில் வந்தார். மேடையில் ஏறி, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்தார். கை மேலே போனது.

மூச்சை இழுத்தோம். நின்றது.

வெளியே தூற்றல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. குச்சியின் நுனி ஆட ஆரம்பித்தது. அந்தக் குளிரில் அவர் நெற்றியோரம் வேர்வை இறங்கியதை நான் பார்த்தேன். ஒத்திகை என்றால் கையை இறக்கி, யாரோ தயாரா இல்லை என்று சொல்லிவிடலாம். இங்கே முதுகுக்குப் பின்னால் ஊரே உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் இறக்கவும் முடியாது, ஆரம்பித்துவைக்கவும் முடியாது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அப்புறம் இன்னொருத்தர். மேடத்தின் கண் என்னைவிட்டு நகரவே இல்லை. அந்தக் கண் என்னிடம் எதையோ கேட்டது. கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். இன்னும் ரெண்டு நிமிஷம் போனால் அந்த அம்மா அங்கேயே விழுந்துவிடுவார் என்று பயந்தேன்.

நான் அடித்துவிட்டேன்.

டும். கை மேலேதான் இருந்தது. டும். பக்கத்தில் செல்லோக்காரர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாவது அடி, நாலாவது. விட்டால் அப்படியே தனியாக நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது செல்லோ சேர்ந்துகொண்டது. அப்போதுதான் மேடத்தின் கை இறங்கியது. இறங்கியதும் வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன, ஆறு வருஷத்தில் நாங்கள் அப்படி வாசித்ததே இல்லை. இருபது நிமிஷமும் அந்தக் கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நடுவில் நிறுத்தம் வரும்போது கைதட்டக் கூடாது என்று பலதடவை சொல்லியிருந்தும் என் பொண்டாட்டி தட்டினாள், அவளைப் பார்த்து ஊரே தட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முடிந்ததும் மேடம் திரும்பி ஜனங்களைக் கும்பிட்டார். செல்லோக்காரருக்குக் கை கொடுத்தார், முன்வரிசை வயலின்களுக்குக் கொடுத்தார். என் பக்கம் வரவில்லை.

வழக்கம்போல நான்தான் வீட்டில் விட்டேன். வாத்தியம் பின்னால் தார்ப்பாய்க்குள் இருந்தது. வாசலில் நிறுத்தினதும் சொன்னார்.

"கையைப் பாக்காம ஆரம்பிச்சிட்டீங்க."

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன் மேடம். எறங்கல."

"இறங்கலைன்னா நிக்கணும்."

"எவ்வளவு நேரம் மேடம்?"

கதவில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "என் கை இல்லாமயே ஆகும்னு பதினெட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு," என்றார்.

"அப்படியெல்லாம் யாரும் நெனைக்கல மேடம்."

"எனக்கும் தெரிஞ்சு போச்சு."

இறங்கிப் போனார். அவர் வீட்டுக் கேட் கொஞ்சம் இறுக்கம், எப்போதும் நான்தான் தூக்கிச் சாத்துவேன். அன்றைக்கு அவரே தூக்கிச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்தால் பொண்டாட்டி பூரித்துப்போய் இருந்தாள். "எல்லாரும் மரமாட்டம் நின்னாங்க. நீங்கதான் ஆரம்பிச்சு வெச்சீங்க. எங்கம்மாகூடச் சொல்லுச்சு, மாப்ளதான் அங்க பெரிய ஆளுன்னு." அது தப்பு என்று நான் அவளிடம் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

ரெண்டு வாரம் போன் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. ஒருநாள் செண்பகனூர் டீக்கடையில் சொன்னார்கள், வத்தலக்குண்டிலிருந்து ஒரு வேன் வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். எனக்கு அது பொறுக்கவில்லை. வண்டி வைத்திருக்கிறவன் நான். ஆறு வருஷம் ஏற்றி இறக்கியவன் நான். கடைசி லோடுக்குக் கீழேயிருந்து எவனோ வருகிறான். கோபத்தில் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கோபம் போய், அந்த மனுஷியை நானே துரத்திவிட்டேன் என்று தோன்ற ஆரம்பித்தது. அது போகவில்லை.

ஹாலைப் பூட்டிவிட்டார்கள். நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்தது, தபால்காரர் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். டபுள் பாஸ் யாருடையது என்று கேட்க ஆளில்லாமல் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பூண்டுக் கட்டுகளைப் புகையில் தொங்கவிடுகிற பரணில்தான் அதற்கு இடம். பல்பை இந்தத் தடவை என் பொண்டாட்டியே போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணியானால் எனக்குக் கால் நிலைகொள்ளாது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். எங்கே போக?

போன மாதம் பரணில் பூண்டு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர், ஒரு வீடியோ, ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பெரிய மேடை, எழுபது பேர் இருக்கும். கறுப்புச் சேலை, நரைத்த கிராப். கை மேலே போனது. நானும் மூச்சை இழுத்துக்கொண்டேன், பழக்கதோஷம். கை நின்றது. போச்சு, அங்கேயும் போய் நின்றுவிட்டதா என்று நினைத்தேன்.

மேடம் கையை மேலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் வலது பக்கம் திருப்பினார். அங்கே டபுள் பாஸ்காரர்கள் ஆறு பேர் நின்றார்கள். அவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஆறு பேரும் தாங்களாகவே ஆரம்பித்தார்கள். டும், டும், டும், டும். நாலு அடியும் முடிகிற வரைக்கும் அந்தக் கை அசையாமல் காத்திருந்தது. செல்லோ சேர்கிற இடத்தில்தான் இறங்கியது. எங்கள் ஹாலில் அன்றைக்கு நடந்த அதே மாதிரி, அதே இடத்தில்.

எத்தனை தடவை போட்டுப் பார்த்தேனோ. அப்புறம் போனை வைத்துவிட்டுப் புகைக்குள் குனிந்து போய், வாத்தியத்தின் மேல் கிடந்த சாக்கை எடுத்தேன். பரண் தாழ்வு, நிமிர்த்த முடியாது, சாய்த்தபடியே பிடித்துக்கொண்டேன். தந்தி தளர்ந்து கிடந்தது. இழுத்தேன். நாலு அடி. பலகையெல்லாம் அதிர்ந்து பூண்டுத் தோல் உதிர்ந்தது.

கீழே பொண்டாட்டி ஏணியில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு வாசிச்சதுதான?"

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் மத்தவங்க வரணும்," என்றேன்.

அவள் பூண்டுக் கட்டை வாங்கிக்கொள்வதற்காகக் கையை மேலே நீட்டியபடி நின்றாள்.